வீட்டு வரவுசெலவை மென்பொருளில் எழுதத் தொடங்குவோருக்கு

வீட்டுக் கணக்கு எழுதுவதற்கென்று ஒரு மென்பொருளை நிறுவிக்கொள்பவர்களில் பலர் முதல் வாரத்தில் ஒரு செலவையும் விடாமல் பதிகிறார்கள். இரண்டாம் வாரத்தில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நினைவிலிருந்து எழுதுகிறார்கள். மாதக் கடைசியில் திரையில் தெரியும் இருப்பும் வங்கியில் உள்ள இருப்பும் ஒத்துப்போகாததைக் கண்டு, எங்கே தவறியது என்று தேடப் பொறுமையில்லாமல், மென்பொருளைக் குறை சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நான் முதலில் நிறுத்தியதும் இப்படித்தான். வேறொரு மென்பொருளுக்கு மாறிய பிறகும் அதே இடத்தில்தான் மறுபடி நின்றேன். கணக்கு உதைக்கும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதே இரண்டு முறையும் காரணமாக இருந்தது. ஆகவே இந்த வழிகாட்டியில் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் பேசுகிறேன் என்றாலும், அதைவிட அதிக இடத்தை அந்த நாளுக்காகவே ஒதுக்கியிருக்கிறேன்.

எதையும் நிறுவுவதற்கு முன்

முதலில் ஒரு வாரம் தாளில் எழுதிப் பாருங்கள். தேதி, தொகை, எதற்காக, எந்தக் கையிலிருந்து அதாவது ரொக்கமா, வங்கியா, கடனட்டையா என்ற நான்கு விவரங்கள் போதும். ஒரு நாளைக்கு உங்கள் வீட்டில் எத்தனை பதிவுகள் விழுகின்றன, அவற்றில் எத்தனை ரொக்கம், யார் யார் செலவு செய்கிறார்கள் என்பது இந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். நாளொன்றுக்கு மூன்று பதிவு விழும் வீட்டுக்கும் பதினைந்து விழும் வீட்டுக்கும் ஒரே மென்பொருள் பொருந்தாது.

அடுத்து, கணக்கு எழுதி எந்தக் கேள்விக்கு விடை காண விரும்புகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். பணம் எங்கே போகிறது என்று அறிய விரும்புபவருக்கும், மாதக் கடைசியில் துண்டு விழாமல் இருக்க வேண்டும் என்பவருக்கும், மூன்று கடன்களும் எப்போது தீரும் என்று பார்க்க விரும்புபவருக்கும் தேவைகள் வேறு. சந்தையில் உள்ள மென்பொருள்களைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கலாம். ஒரு வகை நடந்து முடிந்ததைப் பதிந்து அறிக்கை தருவது. 1998 முதல் கட்டற்ற மென்பொருளாக, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் உரிமை தரப்பட்டதாகக் கிடைக்கும் க்னூகேஷ், அதைப் போலவே கட்டற்ற மென்பொருள்களான கேமைமணி, ஹோம்பேங்க், மணி மேனேஜர் இஎக்ஸ் ஆகியவை இதில் சேரும். இவற்றில் க்னூகேஷ் வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையைப் பின்பற்றுவது. ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று இரண்டு பக்கமும் எழுதப்பட்டாக வேண்டும். இன்னொரு வகை, கையில் உள்ள பணத்தைச் செலவழிப்பதற்கு முன்பே இதற்கு இவ்வளவு என்று பிரித்து வைக்கும் உறை முறை. சம்பளம் வந்ததும் தனித்தனி உறைகளில் ரொக்கத்தைப் போட்டு வைத்த பழைய வழக்கத்தின் கணினி வடிவம் இது. யூ நீட் எ பட்ஜெட் என்ற சந்தா மென்பொருளும், 2022-இல் கட்டற்றதாக ஆக்கப்பட்ட ஆக்சுவல் பட்ஜெட்டும் இந்த வகை.

வருமானம் போதுமானதாக இருந்தும் மாதக் கடைசியில் கை வறண்டுவிடுகிறது என்பவர்கள் உறை முறையில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. பல வங்கிக் கணக்குகள், வீட்டுக் கடன், முதலீடுகள் என்று விரிந்து கிடக்கும் குடும்பத்துக்கு இரட்டைப் பதிவு முறையே நீண்ட காலத்துக்கு நிற்கும். பழகுவதற்கு மட்டும் சில வாரங்கள் கூடுதலாகப் பிடிக்கும்.

பிறருடைய அனுபவத்தை எப்படிப் படிப்பது

ஆப் ஸ்டோர்களில் வாடிக்கையாளர்கள் எழுதும் மதிப்புரைகளைப் படிக்கும்போது எழுதியவர் எவ்வளவு காலம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறார் என்பதை முதலில் பாருங்கள். நிறுவிய மறுநாளே எழுதப்படும் பாராட்டு, வண்ணங்களையும் வரைபடங்களையும் பற்றியது. ஒரு முழு ஆண்டைக் கடந்தவர்தான் ஆண்டுக்கொருமுறை வரும் செலவுகளையும், கைபேசி மாற்றியதையும், சந்தாக் கட்டணம் உயர்ந்ததையும், வங்கி இணைப்பு அறுந்துபோனதையும் கண்டிருப்பார். ஐந்து நட்சத்திரங்களையும் ஒற்றை நட்சத்திரங்களையும் ஒதுக்கிவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்துப் பொறுமையாகக் காரணம் எழுதியவர்களைத் தேடிப் படிப்பதால் நான் அதிகம் கற்றிருக்கிறேன்.

குறைகளிலும் வேறுபாடு உண்டு. பதிவதற்கு நேரமாகிறது, தலைப்புகள் குழப்புகின்றன என்பவை பெரும்பாலும் பழக்கத்தால் சரியாகிவிடும். ஒரே செலவு இரண்டு முறை பதிவாகிறது, வங்கி இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது, பழைய பதிவுகள் புதிய பதிப்புக்கு மாறும்போது சிதைந்துவிட்டன, தரவை வெளியே எடுக்க முடியவில்லை என்பவை எவ்வளவு பழகினாலும் சரியாகாதவை. இந்த நான்கில் ஏதேனும் ஒன்றைப் பலர் பல காலமாகத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால் அந்த மென்பொருளை விட்டுவிடலாம்.

இவற்றுள் கடைசிக் குறையே மிகப் பெரியது. வீட்டுக் கணக்கு மென்பொருள்களின் வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். 1991-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் மணியின் விற்பனை 2009-இல் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பயன்படுத்தியவர்களுக்காக, இணையச் சேவைகள் இல்லாத கடைசிப் பதிப்பு ஒன்று மறு ஆண்டு இலவசமாக வெளியிடப்பட்டது. 2007-இல் தொடங்கி, 2009-இல் இன்ட்யூட் நிறுவனத்தால் வாங்கப்பட்ட மின்ட், கட்டணமில்லாச் சேவையாகப் பெரும் கூட்டத்தை ஈர்த்திருந்தும் 2024 மார்ச்சில் மூடப்பட்டது. யூ நீட் எ பட்ஜெட், ஒருமுறை பணம் கொடுத்து வாங்கும் கணினி மென்பொருளாக இருந்து 2015-இன் கடைசியில் இணையச் சந்தாவாக மாறியது. 1980-களிலிருந்து இருந்துவரும் குவிக்கனும் பின்னாளில் சந்தா முறைக்கு வந்தது. நிறுவனங்கள் விற்கப்படும், கட்டண முறை மாறும், சேவை மூடப்படும். பத்து ஆண்டு வீட்டுக் கணக்கு உங்களிடம் சேர்ந்திருக்கும்போது இது நடந்தால் அந்தப் பதிவுகளோடு வெளியே வர முடியுமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

உள்ளே போகும் முன் வெளியே வரும் வழி

இதற்கு விளம்பரத்தையோ மதிப்புரையையோ நம்ப வேண்டாம். அரை மணி நேரத்தில் நீங்களே சோதித்துவிடலாம். மென்பொருளில் பத்துக் கற்பனைப் பதிவுகளைச் செய்யுங்கள். அவற்றில் ஒன்று இரண்டு தலைப்புகளுக்குப் பிரிக்கப்பட்டதாகவும், ஒன்று ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றியதாகவும், ஒன்று தமிழில் குறிப்பு எழுதப்பட்டதாகவும் இருக்கட்டும். பிறகு ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்தி அந்தப் பத்தையும் கோப்பாக எடுத்து, வேறொரு மென்பொருளிலோ எக்செல் போன்ற விரிதாளிலோ திறந்து பாருங்கள். பிரித்த பதிவு பிரிந்தே இருக்கிறதா, மாற்றிய தொகை செலவாகக் காட்டப்படாமல் மாற்றமாகவே வந்திருக்கிறதா, தமிழ் எழுத்துகள் படிக்கும்படி இருக்கின்றனவா என்று கவனியுங்கள். தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவும் குறிகளாகவும் சிதைந்து தெரிந்தால் உடனே மென்பொருளைக் குற்றம் சொல்ல வேண்டாம். சில விரிதாள்களில் நேரடியாகத் திறக்காமல் இறக்குமதி வழியாகச் சென்று யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

ஏற்றுமதிக் கோப்பு வகைகளில் மூன்று பெயர்களை அடிக்கடி காண்பீர்கள். சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய உரை. எதிலும் திறக்கும், ஆனால் எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கியூஐஎஃப் என்பது குவிக்கனுக்காக உருவான பழைய வடிவம். தேதி எந்த வரிசையில் எழுதப்பட்டது என்று அந்தக் கோப்பே சொல்லாது என்பதால் 03/04 என்பது மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா என்ற குழப்பம் அதில் எழும். 1997-இல் மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்த ஓஎஃப்எக்ஸ் வடிவத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி தரும் தனி அடையாள எண் இருக்கும். ஒரே கோப்பைத் தெரியாமல் இரண்டு முறை இறக்கினாலும் மென்பொருள் அந்த எண்ணை வைத்து ஒரே செலவு இரண்டு முறை பதிவாவதைத் தவிர்க்க முடியும். உங்கள் வங்கி ஓஎஃப்எக்ஸ் கோப்பைத் தருமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குகளும் தொடக்க இருப்பும்

மென்பொருள் முடிவானதும், பணம் இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கணக்கைத் திறக்க வேண்டும். வங்கிக் கணக்கு ஒவ்வொன்றும் தனி; கையில் உள்ள ரொக்கம் ஒரு கணக்கு; கடனட்டை ஒரு கணக்கு, அதன் இருப்பு எப்போதும் கடனாகக் காட்டப்படும்; வாங்கிய கடன் ஒவ்வொன்றும் தனி.

தொடக்க இருப்பில்தான் புதியவர்கள் முதல் தவற்றைச் செய்கிறார்கள். இன்றைக்கு வங்கியின் ஆப்பில் தெரியும் தொகையை அப்படியே எழுதிவிட்டால், நேற்றுக் கொடுத்து இன்னும் வங்கியில் கழிக்கப்படாத காசோலையோ அட்டைச் செலவோ நாளை வந்து இருப்பைக் குலைக்கும். கடைசியாக வந்த வங்கி ஸ்டேட்மென்டின் முடிவுத் தேதியையும் அந்தத் தேதியின் முடிவு இருப்பையும் எடுத்துக்கொண்டு, அதற்கு மறுநாளிலிருந்து இன்றுவரை நடந்தவற்றை மட்டும் பதியுங்கள். கடந்த மூன்று ஆண்டுக் கணக்கையும் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு வரும். அது வேண்டாம். பழைய பதிவுகளைத் தலைப்பு பிரிப்பதிலேயே களைத்துப்போய்ப் புதிய மாதத்தைப் பதியாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செலவுத் தலைப்புகள்

பெரும்பாலான மென்பொருள்கள் நாற்பது ஐம்பது தலைப்புகளோடு வருகின்றன. அவற்றில் முக்கால்வாசியை நீக்கிவிட்டுப் பன்னிரண்டு முதல் பதினைந்து தலைப்புகளோடு தொடங்குங்கள். ஒரு தலைப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாமா என்பதை முடிவு செய்ய எளிய உரைகல் ஒன்று உண்டு: அந்தத் தொகை அதிகமானால் நீங்கள் ஏதாவது மாற்றிச் செய்வீர்களா? செய்வீர்கள் என்றால் அது தனித் தலைப்பு. செய்ய மாட்டீர்கள் என்றால் அதை இன்னொன்றோடு சேர்த்துவிடலாம். சோப்பையும் துடைப்பத்தையும் தனித்தனியாக எழுதி யாரும் எதையும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மாறாக, வெளியே சாப்பிடுவதையும் வீட்டு மளிகையையும் உணவு என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டால், கட்டுப்படுத்தக்கூடிய செலவு கட்டுப்படுத்த முடியாத செலவுக்குள் மறைந்துகொள்ளும்.

இதர செலவு என்ற தலைப்பை நீக்க முடியாது. ஆனால் மாதச் செலவில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டும்போது அதைத் திறந்து பார்த்து, அடிக்கடி வருவது எதுவோ அதற்குத் தனித் தலைப்பு கொடுங்கள். யாருக்காகச் செலவானது என்பதைத் தலைப்பாக்காமல், மென்பொருள் இடம் கொடுத்தால் குறிச்சொல்லாக வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் மருத்துவம் என்பது அப்பாவுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று பெருகிக்கொண்டே போகும்.

கையால் பதிவதா, வங்கியோடு இணைப்பதா

வங்கியோடு தானாக இணைந்து பரிவர்த்தனைகளை இறக்கிக்கொள்ளும் வசதியைப் பலர் முதல் தகுதியாகக் கருதுகிறார்கள். முதல் மூன்று மாதம் அது இல்லாமல் கையால் பதியுங்கள் என்றே நான் சொல்வேன். தொகையைத் தட்டெழுதும் அந்தச் சில நொடிகளில்தான் செலவு மனத்தில் பதிகிறது. தானாக வந்து விழும் பட்டியலை மாதக் கடைசியில் பார்ப்பவருக்கு, நான்கு வாரங்களுக்கு முன் நடந்த செலவு வேறு யாரோ செய்தது போலத் தெரியும். கைபேசியில் பதியும் வசதி இருந்தால் பணம் கொடுத்த இடத்திலேயே பதிந்துவிடலாம். இல்லையென்றால் பில்களை ஓர் இடத்தில் போட்டு வைத்து இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பிறகு இணைக்க விரும்பினால், இணைப்பு எந்த முறையில் நடக்கிறது என்று பாருங்கள். சில சேவைகள் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லையே வாங்கி வைத்துக்கொண்டு உங்கள் பெயரில் உள்ளே நுழைந்து படிக்கின்றன. வேறு சில, உங்களை வங்கியின் சொந்தப் பக்கத்துக்கே அனுப்பி, அங்கே நீங்கள் கொடுக்கும் படிப்பதற்கு மட்டுமான அனுமதியைப் பெற்றுக்கொள்கின்றன. அந்த அனுமதியை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். இரண்டாவதை மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள். வங்கியின் கடவுச்சொல்லை வேறு எந்தச் சேவையிடமும் கொடுக்க வேண்டாம் என்பதில் எந்த வசதிக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மென்பொருளுக்கான கடவுச்சொல்லும் தனியானதாக, வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள்.

தவறாகப் பதியப்படும் ஐந்து வகைகள்

சாதாரணச் செலவைப் பதிவதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. கணக்கைக் குலைப்பவை பெரும்பாலும் கீழ்க்காணும் ஐந்துதான், அவற்றிலும் முதல் இரண்டைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வங்கியிலிருந்து ரொக்கம் எடுப்பது செலவன்று. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. 2000 எடுத்ததைச் செலவாக எழுதிவிட்டு, அந்த ரொக்கத்தில் வாங்கியவற்றையும் தனித்தனியாக எழுதினால் செலவு இரண்டு மடங்காகத் தெரியும். இதற்கென்றே மென்பொருள்களில் மாற்றம் என்ற தனிப் பதிவு வகை இருக்கிறது.

கடனட்டையும் இதே போன்றதுதான், ஆனால் இங்கே தவறுபவர்கள் இன்னும் அதிகம். அட்டையில் பொருள் வாங்கும் நாளில்தான் செலவு நிகழ்கிறது. அன்றைய தேதியில், அட்டைக் கணக்கில், உரிய தலைப்பில் அதைப் பதிய வேண்டும். மாதக் கடைசியில் வங்கியிலிருந்து அட்டைக்குக் கட்டுவது மாற்றம் மட்டுமே. மாதம் முழுவதும் அட்டையில் 3000-க்கு வாங்கி, பிறகு கட்டிய 3000-ஐயும் செலவாக எழுதினால் அறிக்கையில் 6000 நிற்கும். தாமதக் கட்டணமோ வட்டியோ விதிக்கப்பட்டால் அது மட்டும் புதிய செலவு; அதற்குத் தனித் தலைப்பு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஆண்டு முடிவில் அந்த ஒரு எண்ணைப் பார்க்கும்போது எடுக்க வேண்டிய முடிவு தானாகவே தெரியும்.

கடன் தவணையில் அசலும் வட்டியும் கலந்திருக்கும். 10,000 தவணையில் 6,500 அசல், 3,500 வட்டி என்றால் வட்டியே செலவு. அசல் உங்கள் கடன் கணக்கைக் குறைக்கும் மாற்றம். கடன் கொடுத்தவரின் அட்டவணையில் மாதவாரியாக இந்தப் பிரிவு இருக்கும். உறை முறையில் எழுதுபவர்கள் மட்டும், கையிலிருந்து போவது முழுத் தொகையும் என்பதால், முழுத் தவணைக்கும் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

பொருளைத் திருப்பிக் கொடுத்து வாங்கிய பணத்தை வருமானமாக எழுதக் கூடாது. எந்தத் தலைப்பில் செலவாக எழுதினீர்களோ அதே தலைப்பில் வரவாகப் பதிந்தால் அந்தத் தலைப்பின் மொத்தம் சரியாகக் குறையும்.

ஒருவருக்குக் கொடுத்த கைமாற்று செலவில் சேராது. அதற்கு அவர் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து மாற்றமாக எழுதினால், திரும்பி வந்தது எவ்வளவு, வராதது எவ்வளவு என்பது கேட்காமலே தெரியும்.

ஒரே பில்லில் பல தலைப்புகள் கலந்திருக்கும்போது பிரித்துப் பதியும் வசதியைப் பயன்படுத்தலாம். 1800-க்கான பில்லில் மளிகை 1200, துப்புரவுப் பொருள்கள் 400, நோட்டுப் புத்தகம் 200 என்று பிரித்தாலும் வங்கியிலிருந்து கழிவது ஒரே 1800-ஆகத்தான் இருக்கும் என்பதால் பிறகு ஒப்பிடுவதும் எளிது. பத்து இருபது என்று சிறு தொகைகளுக்காகப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நேர் செய்தல்

கணக்கை நேர் செய்வது என்பது வங்கி ஸ்டேட்மென்டையும் உங்கள் பதிவுகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, இரண்டும் ஒரே இருப்பில் வந்து நிற்பதை உறுதி செய்வது. இதை மாதம் ஒருமுறை செய்பவர்கள் கணக்கு எழுதுவதை விட்டுவிடுவதில்லை என்பதை நான் சுற்றிலும் கண்டிருக்கிறேன். தன் எண்களை நம்ப முடிகிறவருக்குத்தான் தொடர்ந்து எழுதத் தோன்றும். முதல் மாதம் மட்டும் வாரம் ஒருமுறை செய்யுங்கள், ஏனென்றால் ஏழு நாள் பதிவுகளுக்குள் ஒரு தவற்றைத் தேடுவது முப்பது நாளுக்குள் தேடுவதைவிடப் பன்மடங்கு எளிது.

க்னூகேஷ் போன்றவற்றில் இதற்கென்று தனிச் சாளரம் இருக்கிறது. ஸ்டேட்மென்டின் முடிவுத் தேதியையும் முடிவு இருப்பையும் கொடுத்தால், இதுவரை சரிபார்க்கப்படாத பதிவுகளை அது பட்டியலிடும். ஸ்டேட்மென்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் உரிய பதிவில் குறியிட்டுக்கொண்டே வர, வித்தியாசம் குறைந்துகொண்டே வந்து சுழியத்தில் நிற்க வேண்டும். உங்களிடம் இருந்து ஸ்டேட்மென்டில் இல்லாதவை இன்னும் வங்கியில் கழியாதவை. அவற்றை அப்படியே விட்டு வையுங்கள். ஸ்டேட்மென்டில் இருந்து உங்களிடம் இல்லாதவை நீங்கள் மறந்தவை. பெரும்பாலும் வங்கிக் கட்டணம், வட்டி வரவு, தானாகப் புதுப்பிக்கப்பட்ட சந்தா ஆகியவையாக இருக்கும்.

வித்தியாசம் சுழியத்துக்கு வரவில்லை என்றால் பதற்றப்படாமல் அந்த எண்ணையே உற்றுப் பாருங்கள், அதுவே பல நேரங்களில் தவறு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். முதலில் வித்தியாசத்துக்குச் சமமான தொகை ஏதாவது பதிவுகளில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது விடுபட்டிருக்கும் அல்லது இரண்டு முறை பதிவாகியிருக்கும். அடுத்து வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேடுங்கள். 350 செலவை வரவென்று எழுதியிருந்தால் வித்தியாசம் 700 ஆக வரும். அதுவும் இல்லையென்றால் வித்தியாசம் ஒன்பதால் மீதமின்றி வகுபடுகிறதா என்று பாருங்கள். 540 என்பதை 450 என்று இலக்கம் மாற்றி எழுதினால் வித்தியாசம் 90; 81-ஐ 18 என்று எழுதினால் 63; 500-ஐ 50 என்று எழுதினால் 450. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், சுழியம் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். கணக்குப் பிள்ளைகள் பேரேட்டில் எழுதிய காலத்திலிருந்து கைக்கொள்ளப்படும் இந்த உத்தி திரையிலும் அப்படியே பயன்படுகிறது.

பல மென்பொருள்களில் வித்தியாசத்தை ஒரே அழுத்தில் சரிக்கட்டிவிடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. வங்கிக் கணக்கில் அதைத் தொடாதீர்கள். வங்கிக் கணக்கின் ஒவ்வொரு அசைவும் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது, தேடினால் நிச்சயம் கிடைக்கும். ஒருமுறை சரிக்கட்டிவிட்டால் அடுத்த மாதமும் கை அந்தப் பொத்தானுக்கே போகும். ரொக்கத்தின் நிலை வேறு. சில்லறைச் செலவுகளில் சில மறந்துபோவது இயல்பு என்பதால், வாரம் ஒருமுறை கையில் உள்ளதை எண்ணிப் பார்த்து, குறைவதைக் கணக்கில் வராத ரொக்கம் என்ற தலைப்பில் ஒரே பதிவாக எழுதிவிடலாம். அந்தத் தலைப்பு மாதத்துக்கு மாதம் சுருங்கி வந்தால் நீங்கள் பழகிவருகிறீர்கள் என்று பொருள்.

திட்டம் போடும் நேரம்

பதிவுகள் இரண்டு மூன்று மாதம் நேராகி நின்ற பிறகுதான் பட்ஜெட் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உறை முறை மென்பொருள்கள் முதல் நாளே ஒதுக்கீடு கேட்கும். அங்கே தோராயமாக எழுதி, மாத நடுவில் ஓர் உறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வதைத் தோல்வியாக எண்ணாமல் இருந்தால் போதும். முதல் மாதத் திட்டம் யாருக்கும் அப்படியே நிற்பதில்லை.

திட்டத்தைக் கவிழ்ப்பவை அன்றாடச் செலவுகளைவிட ஆண்டுக்கொருமுறையோ இருமுறையோ வரும் செலவுகள்தான்: காப்பீடு, பள்ளிக் கட்டணம், வாகனப் பழுது, விழாக்கள். இவற்றை ஓராண்டுக்குப் பட்டியலிட்டு மாதவாரியாக ஒதுக்க வேண்டும். 12,000 ஆண்டுச் செலவுக்கு மாதம் 1000 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுபவர்கள், அது கட்ட வேண்டிய தேதிக்கு ஐந்து மாதமே இருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை; முதல் ஆண்டில் மட்டும் மாதம் 2,400 ஒதுக்கினால்தான் அந்த நாளில் பணம் இருக்கும், அதற்குப் பிறகே 1000 போதுமானதாகும். வாரச் செலவை நான்கால் பெருக்கி மாதச் செலவாகக் கொள்வதும் இதே போன்ற பிழை. ஆண்டுக்கு 52 வாரங்கள். பன்னிரண்டு மாதமும் நான்கு வாரம் என்று கணக்கிட்டால் நான்கு வாரச் செலவுக்கு இடமே இல்லாமல் போகும்.

மாதாமாதம் வருமானம் ஏறி இறங்கும் வீடுகளில், இந்த மாதம் வரப்போகும் தொகையை ஊகித்துத் திட்டமிடாமல், சென்ற மாதம் வந்த தொகையை இந்த மாதத்துக்குப் பங்கிடும் நிலைக்கு மெல்ல வந்து சேருங்கள். ஒரு மாத வருமானம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும் என்பதால் இதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் கணக்கில் இருவரும் பதிய வேண்டும், அல்லது பதிபவரிடம் மற்றவர் அன்றே சொல்லிவிட வேண்டும். இருவருக்கும் கேள்வி கேட்கப்படாத தனித் தொகை ஒன்றை ஒதுக்கி, அதை ஒரே பதிவாக எழுதி, உள்ளே என்ன செலவானது என்று பார்க்காமல் விடுவது கணக்கும் உறவும் ஒன்றாக நிலைக்க உதவியிருப்பதை எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். இதை முன்பே பேசி வைத்துக்கொள்ளாமல், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விசாரணை தொடங்கிய வீடுகளில் அடுத்த மாதம் பதிவுகள் குறைந்துவிடும்.

காப்புப் பிரதியும் இடைவெளியும்

கணினியில் கோப்பாக இருக்கும் கணக்கை, நேர் செய்து முடித்த ஒவ்வொரு முறையும் தேதியைப் பெயரில் சேர்த்து வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். 2025-03-31 என்று ஆண்டை முதலில் எழுதினால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். இணையச் சேவையாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு ஏற்றுமதி எடுத்து வைப்பது இதற்கு ஈடு. எடுத்த நகலை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலாகாது.

பயணத்தாலோ உடல்நலக் குறைவாலோ மூன்று நான்கு வாரம் பதிவு விட்டுப்போவது எல்லாருக்கும் நடக்கும். அப்போது விடுபட்ட ஒவ்வொரு செலவையும் நினைவிலிருந்து மீட்டெடுக்க முயல வேண்டாம். வங்கியிலும் அட்டையிலும் நடந்தவற்றை ஸ்டேட்மென்டிலிருந்து இறக்கி, தெரிந்தவற்றுக்குத் தலைப்பு கொடுத்து, தெரியாதவற்றைப் பதியாத காலம் என்ற தலைப்பில் போட்டு, இருப்பை மட்டும் நேர் செய்யுங்கள். ரொக்கத்தை எண்ணி, குறைவதை ஒரே பதிவாக எழுதிவிட்டு, மறுநாள் காலையில் ஆகும் முதல் செலவிலிருந்து வழக்கம்போலப் பதியத் தொடங்குங்கள்.